ஐந்தாவது லெவலுக்கு நான் போட்ட டிக்

1. ஸ்டிக்கர்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு கட்டு விலை ஸ்டிக்கரும் ஒரு ஈரப் பஞ்சும். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் வீடியோ கேம் சிடி பெட்டிகளின் மேல் ஒட்ட வேண்டும். நான் எம்.காம்., டைப்ரைட்டிங் ஹையர். பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். ஒட்டு என்றார்கள், ஒட்டினேன்.

மத்தியானம் முதலாளி சேகர் சார் வந்தார். செம்பூரில் பிறந்து வளர்ந்தவர், பாதிப் பேச்சு பம்பாய் ஹிந்தியில்தான் வரும். ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அரே லலிதா மேடம், அந்த மூலைல சின்னக் கட்டம் போட்டு 18னு இருக்கே, அது மேலயே எல்லாத்தையும் ஒட்டிட்டீங்களே. அந்த நம்பர மறைச்சா கடைக்காரன் சின்னப் பசங்களுக்கு வித்துடுவான். அப்புறம் பதில் சொல்றது யாரு?"

அன்று சாயங்காலம் வரை சுரண்டினேன். இருநூறு பெட்டி இருக்கும். நகத்தில் பசை ஏறி, வீட்டில் சாதம் பிசையும்போதும் கை ஒட்டியது. வயது ரேட்டிங் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

கொஞ்ச நாள் கழித்து சனிக்கிழமைகளில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கடையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு அம்மா மகனோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"18னு போட்டிருக்கே, ரொம்பக் கஷ்டமா இருக்குமோ? பரவாயில்லை, குடுங்கோ. இவன் கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க்."

"மாமி, இது கஷ்டத்துக்குப் போட்ட நம்பர் இல்லை. இதுல ஆளை வெட்டறான்."

"ஐயையோ. அப்போ 12 இருந்தாக் குடுங்கோ. இவனுக்குப் பத்துதான் ஆறது, ரெண்டு வருஷம் முன்னாடியே ஆடிடட்டும்."

சிரிக்காதீர்கள். அந்த நம்பரைப் பாட வகுப்பு மாதிரி நினைக்கும் பெற்றோர் இன்றைக்கும் பாதிப் பேர். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

2. பீடி

பிறகு சிடி காலம் போய் போன் காலம் வந்தது. மற்றவர் செய்த கேமை விற்ற எங்கள் கம்பெனி, சொந்தமாகச் செய்து வெளியிட ஆரம்பித்தது. செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் ஆபீஸ். எனக்கும் வேலை மாறியது. ஸ்டிக்கர் ஒட்டியவள், ஸ்டிக்கரில் என்ன நம்பர் வரவேண்டும் என்பதற்கான கேள்வித்தாளை நிரப்புகிறவள் ஆனேன்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கேமைக் கடையில் ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வித்தாள் வரும். ரத்தம் உண்டா, என்ன நிறம்? பயமுறுத்தும் காட்சி உண்டா? கெட்ட வார்த்தை, சாராயம், புகை, சூதாட்டம், ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை. நாம் சொல்லும் பதிலை வைத்து அந்தந்த நாட்டுக் கணக்குப்படி நம்பர் வந்துவிடும். ஒரே கேம் ஒரு ஊரில் 7 என்று வரும், இன்னொரு ஊரில் 12. நம்பர் கொடுப்பதற்கு முன்னால் யாரும் கேமை ஆடிப் பார்ப்பதில்லை. கேள்வித்தாளை நிரப்புகிறவரை நம்புகிறார்கள். பொய் என்று பிற்பாடு தெரிந்தால் கடையிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

வியாபாரம் முழுக்க அந்த நம்பரில்தான் இருக்கிறது. 7 வந்தால் பள்ளிக்கூட டேப்லெட்டில்கூட ஏறும். 12 வந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். 18 வந்தால் பெற்றோர் பூட்டு போட்ட போன்களில் கேமின் பெயரே தெரியாது. இரண்டு வருஷம் பத்துப் பேர் உழைத்துச் செய்த கேம், பிறக்காத மாதிரியே போய்விடும்.

ஒரு முறை எங்கள் ஆட்டோ ரிக்‌ஷா ரேஸ் கேமைக் கடையிலிருந்து தூக்கிவிட்டார்கள். தவறான பதில் என்று மட்டும் ஒரு வரி. எது தவறு என்று சொல்லவில்லை. நான் நிரப்பிய தாள். நான் சரியாகத்தான் போட்டேன் என்று மீட்டிங்கில் சத்தம் போட்டேன். எல்லோரும் கேமைத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். அந்த வாரம்தான் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவன், கதவுப் பக்கம் நின்றபடி மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, பின்னாடி அந்த வாட்ச்மேன் பீடி குடிக்கான்லா."

கடைசித் தெருவில், ஒரு கேட்டுக்குப் பக்கத்தில், பத்துப் பைசா அளவு உருவம். வாயில் பீடி. புகைகூட வந்தது. நான் அந்தத் தெரு வரை ஆடியதே இல்லை. மூன்று லெவல் ஆடிவிட்டு, மீதியும் இதே மாதிரிதான் என்று டிக் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்த கேமாக இருந்தாலும் முதலிலிருந்து கடைசிவரை நானே ஆடுவேன். கடைசியில் பேர்ப்பட்டியல் ஓடுமே, க்ரெடிட்ஸ், அதையும் முடியும் வரை பார்ப்பேன். அதன் பின்னால் ஓடும் பாட்டில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தாலும் மாட்டிக்கொள்வது நாம்தான்.

விதி நல்ல விதி. ஆனால் அந்தப் பீடியைக் கண்டுபிடித்தவனை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

3. இசக்கி

அவன் பெயர் இசக்கிமுத்து. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். இவன் காலேஜ் முடிக்கவில்லை. பேனர் வரைந்துகொண்டிருந்தவனை சேகர் சார் எங்கேயோ பார்த்துக் கூட்டிவந்தார்.

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த ஆபீசில், அவன் நாலே வருஷத்தில் கேம் டைரக்டர் ஆனான். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், என் பக்கம் திரும்பி ஒரு டீ கிடைக்குமா என்று கேட்பார்கள். ஒரு ஆங்கிலப் பேப்பரில் அவன் போட்டோ வந்தது. தாராவியிலிருந்து வந்த கலைஞன் என்று அரைப் பக்கம். நாலு தடவை படித்தேன். மாட்டுங்காவிலிருந்து வந்த மாமி என்று யார் எழுதப்போகிறார்கள்?

ஊருக்குப் போய்வந்தால் எல்லோருக்கும் அல்வா கொண்டுவருவான். என் பங்கைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக் கொடுப்பான். "அக்கா, நெய் கூட விடச் சொல்லி வாங்கினேன்" என்பான். நான் தாங்க்ஸ் சொல்லி டிராயரில் வைத்துவிடுவேன். எறும்பு வந்த பிறகு ப்யூன் எடுத்துப் போடுவார். நான் அல்வாவுக்கு உயிரை விடுகிறவள்.

எல்லாவற்றையும்விட எரிச்சல் அந்தப் பேர்ப்பட்டியல். எங்கள் கம்பெனி வெளியிட்ட ஒரு கேமிலும் என் பெயர் கிடையாது. டெஸ்டிங் பண்ணிய கல்லூரிப் பையன் பெயர் வரும், சேகர் சாரின் நாய் பெயர்கூட ஒரு தடவை நன்றி என்று வந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"சார், ரேட்டிங் வேலைக்கும் ஒரு வரி போடலாமே."

"க்யா மேடம், சினிமால சென்சார் பண்றவன் பேர யாராவது பாக்கறானா?"

படம் ஆரம்பிக்கும் முன்னாடி முதல்ல வரதே அந்த சர்டிஃபிகேட்தானே என்று வடாலாவில் ரயில் மாறும்போது தோன்றியது. எனக்கு நல்ல பதில் எல்லாம் வடாலாவில்தான் தோன்றும். இசக்கியின் பெயரோ ஒவ்வொரு கேமிலும் முதல் வரி.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினால் என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலேயே, "உனக்கு வயித்தெரிச்சல், லலி" என்பார். இல்லை, நியாயம் பேசுகிறேன் என்பேன். "நியாயம் பேசறவா இப்படி ரசத்துல ரெண்டு தடவை உப்புப் போட மாட்டா" என்பார்.

4. மூணு மாடி

அவன் செய்த பெரிய கேமுக்குப் பெயர் 'மூணு மாடி'. தாராவியில் ஒரு மூன்று மாடிச் சால், வரிசையாக ஒற்றை அறைக் குடித்தனங்கள். விடியற்காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஒரு சின்னப் பெண் எல்லார் வீட்டு டிரம்மையும் நிரப்பவேண்டும். மழை, வழுக்கும் படிக்கட்டு, குறுக்கே வரும் ஆடு, கொடியில் காயும் துணி. கேட்டால் ஒன்றுமில்லை. ஆட ஆரம்பித்தால் கையை எடுக்க முடியாது.

ஐந்தாவது லெவலில் கரண்ட் போய்விடும், மோட்டார் ஓடாது. மேல்மாடியில் நாலு பெண்கள் அப்பளம் இடுவதை நிறுத்திவிட்டுத் தாயம் ஆடுவார்கள். பந்தயம் புளியங்கொட்டை. அந்தப் பெண்ணும் உட்கார்ந்து ஆடுவாள். ஜெயித்தால், தோற்றவர் தன் குழாய் முறையை அவளுக்கு விட்டுக்கொடுப்பார். அந்த நாலு பேருக்கும் குரல் கொடுத்தது இசக்கி குடியிருக்கும் சந்துப் பெண்களேதான். போனில் பதிவு செய்து கொண்டுவந்தான். பேச்சியக்கா என்று ஒருவர் தாயம் விழுந்ததும் ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், ஆபீசில் அதைக் கேட்டுவிட்டு சேகர் சார் நாலு தடவை திரும்பப் போடச் சொன்னார்.

ஐரோப்பாவில் சந்தா கட்டிப் பிள்ளைகள் ஆடும் கேம் கேடலாக் ஒன்று இந்த கேமை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை, ரேட்டிங் 12க்கு மேல் போகக்கூடாது. சேகர் சார் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"சாஃபா சொல்லிடறேன். இது போனா இந்த டீம என்னால வெச்சுக்க முடியாது. எட்டுப் பேருக்கும் வேற எடம்தான் பாக்கணும்."

எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கேள்வித்தாள் என் கையில்.

அதே மீட்டிங்கின் முடிவில் சேகர் சார் இன்னொன்றும் சொன்னார். இசக்கியின் டீமுக்கு வெளிச்சம் வேண்டுமாம், ஜன்னல் பக்கம் போடலாமாம். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது என் மேஜை. மோனோ ரயில் போவது தெரியும். பதினாறு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், உங்களுக்கு என்ன, ஃபைல்தானே. எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானே."

சரி சார் என்றேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை போட்டார்கள்.

5. டிக்

அந்த ஜெராக்ஸ் சூட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் 'மூணு மாடி' ஆடினேன். குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றே ஆடினேன். பீடி இல்லை, சாராயம் இல்லை. ஆடு முட்டினால் பெண் விழுவாள், ரத்தம் வராது. நல்ல கேம். அதுதான் இன்னும் எரிந்தது. கடைசி லெவல் முடிந்து திரை இருண்டு, க்ரெடிட்ஸ் ஆரம்பித்தது. முதல் வரி, இயக்கம் இசக்கிமுத்து. அந்தப் பெயரைப் பார்த்ததும் வெளியே வரும் பட்டனை அழுத்திவிட்டேன். பீடிக்குப் பிறகு முதல் தடவையாக.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து கேள்வித்தாளைத் திறந்தேன். இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகப் போட்டேன். சூதாட்டப் பகுதி வந்தது. பணம் வைத்து ஆடுகிற வகையைச் சேர்ந்த ஆட்டம் ஏதாவது இதில் உண்டா என்பது கேள்வி.

எனக்குப் பதில் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். ஏற்கெனவே ஒரு லூடோ கேமுக்கு இதே சந்தேகம் வந்து, ரேட்டிங் கொடுப்பவர்களுக்கே எழுதிக் கேட்டு, பதில் மெயிலே வாங்கி வைத்திருந்தேன். வீட்டில் ஆடும் கட்டம் போட்ட ஆட்டம், பந்தயப் பொருளைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்றால் இல்லை என்று போடலாம். புளியங்கொட்டையை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? இல்லை என்று ஒரு டிக். முடிந்தது வேலை.

ஆனால் எங்கள் வீட்டில் தாயக்கட்டையைத் தொட விடமாட்டார்கள். பித்தளையில் ஒரு ஜோடி பரண் மேல் துணியில் சுற்றி இருந்தது. ஏகாதசிக்குப் பரமபதம் ஆடக்கூட சோழிதான். தாயம் உருட்டினால் வீடு உருப்படாது, அது சூது என்று அம்மா சொல்வாள். அந்த நேரத்தில் அம்மா சொன்னது எனக்கு ரொம்ப வசதியாக ஞாபகம் வந்தது. அம்மா சொன்ன மற்ற எதையும் நான் கேட்டதில்லை.

ஆமாம் என்று டிக் போட்டேன். அதோடு விட்டேனா? கீழே விளக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பண்பாட்டில் இந்த ஆட்டம் மரபாகச் சூது என்றே கருதப்படுகிறது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். சொன்னேனே, எம்.காம். நான் எழுதினால் தப்பு இருக்காது.

அனுப்பியதும் நம்பர் வந்துவிட்டது. ஐரோப்பாவில் 18.

6. வெட்டு

சேகர் சார் ஆபீசே கேட்கக் கத்தினார். நான் விதியைச் சொன்னேன். மறைத்து 7 வாங்கி, பிறகு கேடலாக்கிலிருந்து தூக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பீடி ஞாபகம் இருக்கிறதா சார் என்றேன். வாயை மூடிக்கொண்டார். லூடோ மெயிலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது என் ஃபோல்டரில் இருந்தது, என்னைத் தவிர யாரும் அதைத் திறப்பதில்லை.

இசக்கி என் மேஜைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, தாயம் சூதாக்கா? எங்க சந்துல அப்பளம் போடுத பொம்பளைங்க எல்லாம் ஆடுவாங்களே."

"எங்காத்துல சூதுதான்."

"வேற வழியே இல்லையா?"

"லெவலை எடுத்துட்டா 7 வரும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. ஒங்களத் தவிர யாருக்கு இது தெரியும்" என்றான்.

திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பத்து நாளில் ஐந்தாவது லெவலை வெட்டி, நாலையும் ஆறையும் ஒட்டினார்கள். புதிய ஜன்னல் மேஜைகளில் எட்டுப் பேரும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதல் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் யாரோ ஹெட்ஃபோன் செருக மறந்து அந்தச் சிரிப்பை, பேச்சியக்காவின் சிரிப்பை, ஓட்டிவிட்டார்கள். பாதியிலேயே நிறுத்தினார்கள். அப்புறம் எனக்குச் சந்தோஷம் போய்விட்டது. ஆனாலும் மெயிலைத் திறக்கவில்லை.

திருத்திய பில்ட், அதாவது கேமின் புதுப் பதிப்பு, வந்தது. வெட்டிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு டிக் போட்டேன். அவசரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். 7 வந்தது. கேடலாக் எடுத்துக்கொண்டது. சேகர் சார் பேடா வாங்கிக் கொடுத்தார்.

7. சந்து

கேம் வெளியான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தன் சந்துப் பெண்களுக்குக் கேமைப் போட்டுக் காட்டப்போவதாகச் சொல்லி இசக்கி ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டான். போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று போனேன். மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். அத்தனை வருஷத்தில் நான் தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை.

ஒரு சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ப்ரொஜெக்டரில் போட்டார்கள். பெண்கள் அப்பளக் கூடையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. இசக்கியே ஆடிக் காட்டினான். அந்தப் பெண் குடத்தோடு ஓடினால் சந்தே கூடச் சேர்ந்து வழி சொன்னது. நாலாவது லெவல் முடிந்து ஆறாவது வந்தது.

"ஏலே இசக்கி," என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த தடித்த பெண். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, பேச்சியக்கா. "நாங்க தாயம் ஆடுனது எப்ப வரும்?"

"அது வராதுக்கா. வெளிநாட்டுக்காரன் சட்டம். எடுக்கச் சொல்லிட்டான்."

"எங்க சத்தமே வராதா?"

"வராதுக்கா."

"நான் எங்க அண்ணனுக்கு ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேனே" என்றார். அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

கேம் முடிந்தது. க்ரெடிட்ஸ் ஓட ஆரம்பித்தது. வெளியே வரும் பட்டன் இன்று என் கையில் இல்லை. முதல் வரி, இயக்கம் இசக்கிமுத்து. கை தட்டினார்கள். கீழே உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தாள். படம், இசை, ப்ரொக்ராம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாவது வரி.

"முழுசா ஆடிப் பார்த்தவர், வயது ரேட்டிங், லலிதா" என்று படித்தாள்.

"யாரு லலிதா?" என்றார் பேச்சியக்கா.

"இவ்வோதான்" என்று இசக்கி என்னைக் காட்டினான். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். பேச்சியக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பேருதான் வரல. ஒங்க பேராவது வந்துச்சே, சந்தோசம்."

எல்லோரும் கலைந்த பிறகு, ப்ரொஜெக்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த இசக்கியிடம் போனேன்.

"என் பேரை எப்போ போட்டே?"

"மொத பில்ட்லயே இருந்துச்சேக்கா. பாக்கலியா?" அவனுக்கு ஆச்சரியம். "சேகர் சார் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் சண்ட போட்டேன். நம்ம ஆபீஸ்ல ஒரு கேம மொதல்லேர்ந்து கடைசி வர ஆடுதது நீங்க ஒரு ஆள்தானக்கா. பீடிக்கு அப்புறம் ஒரு தடவகூட நீங்க விட்டதில்லயே. நீங்களே பாத்துட்டுச் சொல்லட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன். ஒண்ணும் சொல்லல. சரி, அக்காவுக்குப் பிடிக்கல போலன்னு நெனச்சேன்."

அப்போதாவது சும்மா வந்திருக்கலாம். முடியவில்லை. சொல்லிவிட்டேன். மெயிலைச் சொன்னேன், டிக்கைச் சொன்னேன், விளக்கக் கட்டத்தில் எழுதியதைச் சொன்னேன். க்ரெடிட்ஸை மூடியதையும் சொன்னேன்.

அவன் வயரைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"வேணும்னே செஞ்சீயளா?"

"ஆமாம்."

"எதுக்குக்கா?"

"உன்னைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல். நாலு வருஷமா. அன்னிக்கு ஜன்னல் மேஜையும் போச்சு."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மேசைய நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே." வயரைக் கீழே போட்டான். "மேசைக்காக்கா? அந்தப் பொம்பளைங்க அன்னைக்கு வேலையப் போட்டுட்டு வந்து பேசிக் குடுத்தாங்க. அவ்வோகிட்ட வெளிநாட்டுக்காரன்னு பொய் சொல்லிருக்கேன் நான். தெரியாமலே சொல்லிருக்கேன்."

 

8. பாக்கி

திங்கட்கிழமை மெயிலை அச்செடுத்து சேகர் சார் மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். தாளைத் திருத்தி அனுப்பி, லெவலைத் திரும்பச் சேர்க்கலாம் என்றேன். அவர் மெயிலை இரண்டு தடவை படித்தார்.

"இப்போ கை வெச்சா கேடலாக்காரன் மொதல்லேர்ந்து திரும்பப் பாப்பான். மொதல்ல 18, அப்புறம் 7, இப்போ மறுபடியும் அதே லெவல்னா என்ன நினைப்பான்? ஓடிண்டிருக்கறதைத் தொடக்கூடாது. இதை வெளில சொல்லாதீங்க மேடம். உங்க பதில்மேல இருக்கற நம்பிக்கைலதான் நம்ம பாக்கி கேமெல்லாம் கடைல நிக்கறது."

லெவல் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் 'மூணு மாடி'யில் நாலுக்கு அப்புறம் ஆறுதான்.

வெளியே வந்து ஜன்னல் பக்கம் போனேன். என் பேரை எடுத்துவிடு இசக்கி என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டேன்க்கா. இருக்கட்டும். இனிமே ஒவ்வொரு கேம்லயும் போடப்போறேன். நீங்க கடைசி வர பாக்கணும்லா."

சொன்னபடியே போட்டான். அதற்கப்புறம் வந்த ஆறு கேமிலும் என் பெயர் உண்டு. என்னிடம் வேலை விஷயம் பேசுவான், மரியாதை குறையவில்லை. அல்வா மட்டும் கொண்டுவருவதில்லை.

போன வருஷம் ரிடையர் ஆனேன். ரேட்டிங் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டதால் இதை எழுதுகிறேன். கேள்வித்தாள் கேட்பது ஆட்டத்தைப் பற்றி. ஆட்டத்தைச் செய்தவனைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது, நீங்களாகச் சேர்க்காதீர்கள். கேமை முழுக்க ஆடுங்கள். விளக்கக் கட்டத்தில் அழகாக எழுதவேண்டும் என்று கை துடித்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பொறாமை போய்விட்டதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போகவில்லை. போன மாதம் அவனுக்கு ஏதோ விருது என்று கேள்விப்பட்டு அன்று ரசம் கரித்தது. மத்தியான வேளைகளில் சில சமயம் 'மூணு மாடி'யை எடுத்துக் கடைசிவரை ஆடுகிறேன். க்ரெடிட்ஸ் வரும். அதை வேகமாக ஓட்டுவதற்கு அவன் வழி வைக்கவில்லை. முதலில் அவன் பெயர் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் என் பெயர் வரும்.